நூற்றுத் தொண்ணூற்றேழில் ஒரு புதிர்க்காரர்

டெலிபோன் எக்ஸ்சேஞ்சின் முதல் மாடியில், ஜன்னலோரம் இருந்த மூன்றாவது நாற்காலி ஹம்ஸாவுடையது. மைசூரில் யார் 197 என்று சுழற்றினாலும் மணி அடிப்பது அந்த அறையில்தான். பெயரைச் சொன்னால் அவர்கள் நம்பரைச் சொல்வார்கள். இருபத்து மூன்று வருஷமாக அதுதான் அவள் உத்தியோகம். எந்த டாக்டருக்கு வீட்டில் ஒன்றும் கிளினிக்கில் ஒன்றுமாக இரண்டு லைன், எந்தக் கல்யாண மண்டபத்தின் நம்பர் போன மாதம் மாறியது, ஒரே பெயரில் இருக்கும் ஏழு ராமகிருஷ்ணய்யாக்களில் குவெம்பு நகரில் இருப்பவர் யார் என்பதெல்லாம் டைரக்டரியைப் புரட்டாமலே அவள் வாயில் வந்துவிடும். அவளுக்கு மட்டும் வீட்டில் போன் கிடையாது. இலாகா சலுகையில் வாங்கியிருக்கலாம். யாரைக் கூப்பிடுவது என்று நினைத்து விட்டுவிட்டாள்.

அப்பா ரயில்வேயில் குமாஸ்தாவாகக் கும்பகோணத்திலிருந்து வந்தவர். ஹம்ஸா பிறந்தது, படித்தது எல்லாம் மைசூரிலேயே, கன்னடப் பள்ளியில். அக்கா கல்யாணமாகி நாக்பூர் போய்விட்டாள். அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தபோது ஹம்ஸாவுக்கு இருபத்தைந்து வயது. அவர் பத்து வருஷம் படுக்கையில் இருந்தார். அவர் போன பிறகு அம்மா. அதற்குள் வரன் பார்க்கிற பேச்சு எப்போது நின்றது என்று வீட்டில் யாருக்கும் ஞாபகமில்லை. தொண்ணூற்றொன்றில் அம்மாவும் போன பிறகு ஒண்டிக்கொப்பலில் ஒரு கன்னடக்காரர் வீட்டின் பின்பக்க போர்ஷனில் அவள் தனியாக இருந்தாள். வீட்டுக்காரர்கள் நல்ல மாதிரி. பண்டிகைக்குக் கோசம்பரி கொடுத்தனுப்புவார்கள். அவளும் கிண்ணத்தைக் கழுவித் திருப்பிக் கொடுப்பாள்.

அந்தப் போன் கால் முதன்முதலில் வந்தது தொண்ணூற்று மூன்றில், தசரா முடிந்த அடுத்த வாரம். மத்தியானம் இரண்டு மணி. கடை, ஆபீஸ் எல்லாம் சாப்பாட்டில் இருக்கும் நேரம் என்பதால் லைன்கள் ஓய்ந்திருந்தன.

"டைரக்டரி என்கொயரி, நமஸ்காரா."

"தமிழ் வாத்தியார் இருக்கற பள்ளிக்கூடத்து நம்பர் வேணுங்க," என்றது ஓர் ஆண் குரல். கன்னடத்தில் ஆரம்பித்து, பாதியில் தமிழுக்கு வந்துவிட்டது.

"பள்ளிக்கூடத்துப் பேர் சொல்லுங்கோ."

"பேரு தெரியலீங்க. தமிழ் சொல்லிக் குடுக்கற பள்ளிக்கூடம் எதுன்னாலும் சரிதானுங்க."

அப்படி ஒரு தலைப்பு டைரக்டரியில் இல்லை. தமிழ்ப் பிள்ளைகள் படிக்கும் ஒரு பள்ளியின் பெயர் ஹம்ஸாவுக்கு ஞாபகம் வந்தது. நம்பரைக் குறித்துக்கொள்ளச் சொன்னாள். அந்தப் பக்கம் தயங்கியது.

"நீங்களே அவங்களைக் கேட்டுச் சொல்ல முடியுங்களா?"

இத்தனை வருஷத்தில் அப்படி ஒருவரும் கேட்டதில்லை. "அப்படியெல்லாம் எங்களால பண்ண முடியாது. என்ன கேக்கணும் அவாளை?"

"பேப்பர்ல குறுக்கெழுத்துப் புதிருங்க. ஒண்ணே ஒண்ணு நிக்குது. யானையை அடக்கும் கருவி. அஞ்சு எழுத்து, நடுவுல 'கு'. தொரட்டின்னு போட்டா நாலுதான் வருது."

ஹம்ஸா சிரித்துவிட்டாள். பக்கத்து நாற்காலியில் ஸ்ரீதேவி திரும்பிப் பார்த்தாள். ஹம்ஸாவுக்கு அந்தச் சொல் கன்னடத்தில்தான் முதலில் வந்தது. அங்குஷ. அதைத் தமிழாக்கி விரலில் எண்ணிப் பார்த்தாள்.

"அங்குசம். சரியா வரதா பாருங்கோ."

பென்சில் காகிதத்தில் கீறும் சத்தம் கேட்டது. "வருதுங்க. ரொம்ப நன்றிங்கம்மணி."

லைன் போய்விட்டது. அவ்வளவுதான். ஆனால் அன்றைக்கு பஸ்ஸில் வீடு திரும்பும்போதும் அந்தப் பென்சில் சத்தம் அவள் காதிலேயே இருந்தது. இத்தனை ஆயிரம் பேருக்கு நம்பர் சொல்லியிருக்கிறாள். நம்பர் கிடைத்ததும் எல்லோரும் வேறு யாரையோ கூப்பிடப் போய்விடுவார்கள். இந்த ஆள் ஒருவர்தான் அவளிடமே கேட்டு, அவளிடமே வாங்கிக்கொண்டு போனார்.

நான்கு நாள் கழித்து மறுபடி அந்தக் குரல். இந்த முறை பள்ளிக்கூடமெல்லாம் கேட்கவில்லை. "அன்னைக்கு யானை சொன்னது நீங்கதானுங்களா?" என்றது. பெருமாள் கையில் இருக்கும் சங்கின் பெயர் வேண்டுமாம்.

"பாஞ்சஜன்யம்."

"எட்டுக் கட்டம் இருக்குதுங்க. இது ஏழுதான்."

இருவரும் சேர்ந்து எண்ணினார்கள். ஜவுக்குச் சகரம் போட்டு, 'ன்னி' சேர்த்துப் பாஞ்சசன்னியம் என்று எழுதினால் எட்டு வந்தது. இப்படி எழுதுவார்கள் என்பதே ஹம்ஸாவுக்குப் புதிது. அம்மாவிடம் எழுத்துக் கூட்டக் கற்றுக்கொண்ட தமிழ்தான் அவளுடையது. கடைப் பலகைகளுக்கு மேல் அவள் தமிழில் எதுவும் படித்ததில்லை.

அடுத்த வாரம் அவள் அந்தப் புதிர் வரும் தமிழ்ப் பேப்பரை வாங்க ஆரம்பித்தாள். பெங்களூரிலிருந்து காலையில் வரும் பேப்பர். அக்ரஹாரத்துச் சதுக்கத்தில் ஒரே ஒரு கடையில்தான் கிடைக்கும். ஒரு ஸ்டாப் முன்னாலேயே இறங்கி வாங்கிக்கொண்டு நடந்து போவாள். ஆறாம் பக்கத்தில் கீழே இடது மூலையில் புதிர். இடமிருந்து வலம், வலமிருந்து இடம், மேலிருந்து கீழ், கீழிருந்து மேல் என்று நாலாப்பக்கமும் சொற்கள் ஓடும். முதல் வாரம் குறிப்பைப் படித்து முடிக்கவே அவளுக்குப் பத்து நிமிஷம் ஆயிற்று. இரண்டாவது மாதம் பாதிக் கட்டங்களை நிரப்பிவிட்டாள். டைரக்டரிக்கு அடியில் பேப்பரை மடித்து வைத்துக்கொண்டு இரண்டு மணிக்குக் காத்திருப்பாள்.

மூன்று நாற்காலிகளில் எதற்கு வேண்டுமானாலும் கால் விழும். வேறு யாராவது எடுத்துவிட்டால் அவர் பதறாமல், "அந்த அம்மணி இருக்காங்களா?" என்று கேட்பார். ஸ்ரீதேவி அவருக்குத் தமிழ் மேஷ்ட்ரு, அதாவது தமிழ் வாத்தியார், என்று பெயர் வைத்தாள். "ஹம்ஸா, நிம்ம மேஷ்ட்ரு லைன்னல்லி," என்று சொல்லி லைனை அவள் பக்கம் தள்ளிவிடுவாள். சூப்பர்வைசர் சென்னப்பன் கண்டிப்பானவர். ஒருநாள் அவள் முதுகுக்குப் பின்னால் வந்து நின்று முழுவதையும் கேட்டார். போகும்போது, "இரண்டு நிமிஷத்துக்கு மேலே வேண்டாம், ஹம்ஸா மேடம்," என்றார். அதற்கப்புறம் இரண்டு மணிக்கு அவர் டீ குடிக்கப் போய்விடுவது வழக்கமாயிற்று.

இப்படியே ஒரு வருஷம் போயிற்று. பெயரை அவர் கேட்கவில்லை. ஆபரேட்டர் பெயர் சொல்லக் கூடாது என்பது விதி என்பதால் அவளும் சொல்லவில்லை. தன் பெயரைச் சொல்லாமல் அவர் பெயரைக் கேட்பது மரியாதையில்லை என்று நினைத்தாள். எங்கிருந்து பேசுகிறார் என்று கண்டுபிடிக்கும் வசதி அந்த மேஜையில் கிடையாது. ஸ்ரீதேவி வைத்த பெயர் மனதில் ஊறி, அவரை ஓய்வுபெற்ற ஆசிரியர் என்றே ஹம்ஸா முடிவு கட்டிவிட்டாள். சுவரெல்லாம் புத்தக அலமாரி, சாய்வு நாற்காலி, தும்பைப் பூ மாதிரி வேட்டி. ஒருநாள் கேட்டேவிட்டாள்.

"வீட்ல யாரெல்லாம் இருக்கா?"

"நான் மட்டுந்தானுங்க. வீடு பெருசு."

அவள் அதற்கு மேல் கேட்கவில்லை. தன் வீடு சிறியது என்று சொல்ல வாய்வரை வந்தது. அதற்குள் அவர் அடுத்த குறிப்பைப் படித்துவிட்டார்.

உதவி ஒரு பக்கமாகவே இருந்தது என்று சொல்ல முடியாது. கோயில், சாமி, ராகம், சமஸ்கிருதம் எல்லாம் அவளிடம் இருந்தது. காடு, கழனி, மாடு, மரம் எல்லாம் அவரிடம் இருந்தது. மார்கழியில் ஒருநாள் அவள்தான் முதலில் கேட்டாள்.

"இன்னிக்கு எனக்கு ஒண்ணு நிக்கறது. எருது பூட்டி நீர் இறைப்பது, மனதை அரிப்பதும் இதுவே. மூணு எழுத்து. உங்களுக்கு வந்துடுத்தா?"

"கவலைங்க."

"கவலையா? மனசுக்குச் சரி. எருதுக்கு?"

"கெணத்துல தண்ணி எடுக்கறதுங்க. தோல்ல பெரிய சால் செஞ்சு, வடத்தைக் கட்டி, ரெண்டு எருதைப் பூட்டி முன்னால ஓட்டுவோம். சால் மேல வந்து தண்ணியைக் கொட்டும். மறுக்கா எருது பின்னாலயே நடந்து வரோணும். அதைத்தானுங்க கவலை ஓட்டறதும்பாங்க. பதினாறு வயசுல நானும் ஓட்டியிருக்கேன். விடியறதுக்குள்ள நூறு சால்."

"பின்னாலயே நடக்குமா மாடு?"

"பழகிட்டா நடக்குமுங்க. பழகற வரைக்கும்தான் கஷ்டம்."

அன்றைக்கு இரண்டு நிமிஷம் நான்காகிவிட்டது. பேப்பரில் மூன்று கட்டத்தையும் நிரப்பிவிட்டு, ஹம்ஸா அந்தச் சொல்லைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு வாத்தியார் ஏன் பதினாறு வயதில் கவலைக் கிணற்றில் நின்றார் என்று கேட்க அவளுக்குத் தோன்றவில்லை. கஷ்டப்பட்டுப் படித்து மேலே வந்தவர் போலிருக்கிறது என்று எடுத்துக்கொண்டாள்.

தொண்ணூற்றைந்து ஜூனில் 197-க்குக் கம்ப்யூட்டர் வந்தது. பெயரைத் தட்டினால் திரையில் நம்பர் வரும். ஓர் அழைப்புக்கு நாற்பது விநாடிதான். ஸ்ரீதேவியையும் இன்னும் இரண்டு சின்னப் பெண்களையும் பயிற்சிக்கு அனுப்பினார்கள். ஹம்ஸாவுக்குக் கீழே வாடிக்கையாளர் கவுன்டருக்கு மாற்றல். புது இணைப்புக்கு மனு வாங்குவது, வீடு மாறினால் லைனை மாற்றுவது, வேண்டாமென்றால் கருவியைத் திரும்ப வாங்கிக்கொள்வது. உத்தரவு வெள்ளிக்கிழமை கைக்கு வந்தது. திங்கட்கிழமை சேர வேண்டும்.

நடுவில் சனிக்கிழமை ஒன்று இருந்தது. அன்றைக்குச் சொல்லிவிடலாம் என்று நினைத்தாள். என்ன சொல்வது என்று காலையிலிருந்து கோர்த்துப் பார்த்தாள். கவுன்டரிலும் ஒரு போன் உண்டு, அந்த நம்பரை ஒரு சீட்டில் எழுதியும் வைத்துக்கொண்டாள். இரண்டு மணி ஆயிற்று. இரண்டரை. ஷிப்ட் முடியும்வரை அவர் கூப்பிடவில்லை.

"மேஷ்ட்ரு கூப்பிட்டா இந்த நம்பரைக் கொடு," என்று சீட்டை ஸ்ரீதேவியிடம் கொடுத்துவிட்டுப் படியிறங்கினாள்.

பத்து நாள் கழித்து கான்டீனில் ஸ்ரீதேவியைப் பார்த்தபோது கேட்டாள்.

"ஒரு சாரி பந்தித்து," என்றாள் ஸ்ரீதேவி. ஒரு தடவை வந்தது என்று அர்த்தம். "பின்னாடி எட்டு லைன் காத்திண்டிருந்தது. அவங்க இல்ல, இந்த நம்பருக்குப் பேசுங்கன்னு வேகமாச் சொன்னேன். வேண்டாமுங்கன்னு வெச்சுட்டார்."

"வேண்டாம்னாரா?"

"ஆமா. அப்புறம் வரல."

ஹம்ஸா காபியைக் குடித்து முடித்தாள். ஒரு காசில்லாத விசாரணை நம்பரில் ஒருத்தியிடம் சொல் கேட்பது வேறு, அவளைத் தேடிப் போய்ப் பேசுவது வேறு. அதை அவர் விரும்பவில்லை என்று புரிந்துகொண்டாள். கொஞ்சம் அவமானமாகவும் இருந்தது. பேப்பரை மட்டும் நிறுத்தவில்லை. முன்பைவிட நன்றாகவே போட வந்தது. ஆனாலும் தினம் இரண்டு மூன்று இடங்கள் நிற்கும். அவற்றைப் பேனாவால் லேசாகச் சுழித்துவிட்டு, அடுத்த நாள் விடை வந்ததும் பார்த்து, ஓஹோ என்று நினைத்துக்கொள்வாள். அந்த ஓஹோவைச் சொல்லத்தான் ஆள் இல்லை.

எட்டு மாதம் போயிற்று. பிப்ரவரியில் ஒருநாள் கவுன்டரில் கூட்டம் கதவுவரை நின்றது. வரிசையில் வந்தவர் துணிப் பையிலிருந்து ஒரு கறுப்பு டெலிபோனை எடுத்து மேஜைமேல் வைத்தார். ஒயரை அழகாகச் சுருட்டி நூலால் கட்டியிருந்தார். டயலில் ஒரு குட்டிப் பூட்டு தொங்கியது. காக்கிச் சட்டை, தோளில் துண்டு, அறுபதை ஒட்டிய வயது. ஒரு கடிதத்தை நீட்டினார். சரஸ்வதிபுரத்தில் வீடு விற்றாயிற்று, அதனால் இணைப்பை ரத்து செய்ய வேண்டும், இதைக் கொண்டுவரும் என் வாட்ச்மேன் செல்லக்கண்ணுவிடம் ரசீது கொடுக்கவும் என்று ஆங்கிலத்தில் எழுதி, அமெரிக்காவில் இருக்கும் ஓர் இன்ஜினியர் கையெழுத்துப் போட்டிருந்தார்.

"பூட்டுக்குச் சாவி?" என்று ஹம்ஸா கன்னடத்தில் கேட்டாள்.

"சாவி ஐயாகிட்டயே போயிருச்சுங்க," என்று அவர் கன்னடத்தில் ஆரம்பித்துத் தமிழில் முடித்தார்.

ஹம்ஸாவின் கை கடிதத்தின்மேல் நின்றது. நிமிர்ந்து பார்த்தாள். அவர் பூட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மத்தியானம் ரெண்டு மணிக்கு," என்றாள் தமிழில், "புதிர் கேப்பேளே. நீங்கதானே?"

அவர் முகம் வெளுத்தது. சந்தோஷம் வரும் என்று அவள் எதிர்பார்த்த இடத்தில் பயம் வந்தது. ஒரு கை தானாகத் தோள் துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டது.

"மேடம், அது வந்துங்க," என்றார் தணிந்த குரலில். "ஐயா வீட்டுப் போனுங்க. வாரம் ஒருக்கா அவரு கூப்பிடறப்ப எடுக்கறதுக்குத்தான் வெச்சிருந்தாங்க. நான் யாருக்கும் பேசிறக் கூடாதுன்னு பூட்டிட்டுப் போனாங்க. டயலைச் சுத்தாமயே, ரிசீவர் வெக்கற கட்டையை ஒருக்கா, ஒம்பது தடவை, ஏழு தடவைன்னு தட்டுனா 197 போகும்னு ஒரு லைன்மேன் சொன்னாருங்க. அதுக்குக் காசு விழாதுன்னும் சொன்னாரு. சத்தியமா வேற ஒரு நம்பருக்கும் தட்டுனதில்லீங்க. பேப்பரும் அவங்களுதுதான். நிறுத்தச் சொல்ல யாருக்கும் தோணாம வந்துட்டே இருந்துச்சு. ஐயாகிட்டச் சொல்லிப் போடாதீங்க மேடம்."

"ஐயோ, அதுக்கில்ல. நான் தப்பா ஒண்ணும் கேக்கல," என்றாள் ஹம்ஸா. "பர்வாயில்ல, பர்வாயில்ல."

ஆனால் அவர் அதைக் கேட்ட மாதிரி தெரியவில்லை. அவருக்கு முன்னால் இருந்தது மேஜை, ரப்பர் ஸ்டாம்ப், சர்க்கார் உத்தியோகஸ்தர். பின்னால் நின்றவர் "பேக மாடி மேடம்" என்று அவசரப்படுத்தினார். ஒன்றரை வருஷம் அம்மணி என்றவர் மூச்சுக்கு மூச்சு மேடம் என்கிறார் என்பது ஹம்ஸாவுக்கு உறைத்தது. அதை எப்படித் திருப்பிக் கொண்டுவருவது என்று தெரியாமல் ரசீதை எழுதினாள். ஸ்டாம்ப் வைத்தாள். பெயர், முகவரி, டெலிபோன் நம்பர் எல்லாம் இப்போது அவள் கையெழுத்திலேயே அவள் முன்னால் இருந்தது. நாளைக்கு அந்த நம்பர் இருக்காது.

"இனிமே எங்க?"

"மார்டள்ளிக்குங்க. சொந்த ஊரு. அண்ணன் மவன் வீடு இருக்குது."

"அங்க பேப்பர் வருமா?"

"தெரியலீங்க. நான் ஊரை விட்டு வந்து முப்பது வருஷமாச்சு."

ரசீதை வாங்கி நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு நகர்ந்தார். அடுத்த ஆள் மனுவை நீட்டினான். அதை வாங்கிப் படிக்கிற மாதிரி அவள் குனிந்திருந்தபோது, வரிசைக்கு வெளியே பக்கவாட்டில் வந்து அவர் மறுபடி நின்றார்.

"ஒருக்கா கூப்பிட்டப்ப வேற ஒரு பொண்ணு பேசுச்சுங்க. நீங்க இல்லேன்னுச்சு. ஏதோ நம்பர் குடுத்துச்சு. அது காசு விழற நம்பருங்களே, எப்படித் தட்டறதுன்னு வெச்சுட்டேன். உங்களுக்கு ஒடம்புக்கு ஏதாச்சும் ஆயிருச்சோன்னு நெனச்சேனுங்க."

"இல்ல. இங்க மாத்திட்டா."

"நல்லதுங்க," என்றார். அப்போதுதான் முதல் தடவையாக அவள் முகத்தைப் பார்த்தார்.

ஹம்ஸா ஒரு சீட்டில் தன் பெயரையும் ஒண்டிக்கொப்பல் முகவரியையும் எழுதிக் கொடுத்தாள். "ஏதாவது சொல் நின்னுடுத்துன்னா ஒரு கார்டு போடுங்கோ." அவர் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். கூட்டத்தில் காக்கிச் சட்டை கதவுவரை தெரிந்தது.

ஏப்ரலில் கார்டு வந்தது. பென்சில் எழுத்து, ஒவ்வொன்றும் ஒரு கட்டத்துக்குள் இருப்பதுபோலத் தனித்தனியாக. ஊருக்கு அந்தப் பேப்பர் வருவதில்லை என்றும், தான் சுகம் என்றும், மேடத்தின் சுகத்துக்குக் கடவுளை வேண்டிக்கொள்வதாகவும் எழுதியிருந்தார். ஹம்ஸா ஒரு வாரத்துப் புதிர்கள் ஆறையும் வெட்டி, கவரில் போட்டு அனுப்பினாள். மூன்று வாரத்தில் ஆறும் நிரம்பித் திரும்பி வந்தன. இரண்டே இடம்தான் காலி. அவள் அந்த இரண்டையும் எழுதி, அடுத்த ஆறையும் சேர்த்து அனுப்பினாள். அது திரும்பவில்லை. ஒரு மாதம் பார்த்துவிட்டு இன்னொரு கவர் அனுப்பினாள். அதற்கும் பதில் இல்லை.

ஜூலையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, சீக்கிரம் குளித்து, வெளியூர் பஸ்கள் புறப்படும் சப்அர்பன் பஸ் ஸ்டாண்டுக்குப் போனாள். கொள்ளேகால் போய் அங்கிருந்து மார்டள்ளிக்கு மாற வேண்டும் என்று விசாரித்து வைத்திருந்தாள். பஸ் காலியாக நின்றது. ஜன்னலோரமாக உட்கார்ந்தாள். வண்டி நிறைய நிறைய, போய் இறங்கியதும் நடக்கப் போவதை மனதில் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். அண்ணன் மகன் வாசலில் வந்து யாரம்மா நீங்க என்பான். மைசூரிலிருந்து வருகிறேன் என்பாள். என்ன உறவு என்பான். அவர் நன்றாக இருந்தால் உள்ளேயிருந்து வந்து, துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, மேடம் என்பார். நாற்காலி தேடி ஓடுவார்கள். அவர் இல்லையென்றால் அதைச் சொல்வார்கள். இரண்டில் எதைக் கேட்பதற்கும் தன்னிடம் தெம்பு இருப்பதாக அவளுக்குத் தோன்றவில்லை.

கண்டக்டர் டிக்கெட் கட்டோடு பக்கத்தில் வந்து நின்றார். "எல்லிகெ அம்மா?"

"இறங்கணும்," என்றாள் தமிழில். பிறகு கன்னடத்தில் சொல்லி, வழி விடச் சொல்லி, இறங்கினாள்.

பஸ் புறப்பட்டுப் போவதைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு ஸ்டாண்டுக்குள் இருந்த கடையில் தமிழ்ப் பேப்பர் இருக்கிறதா என்று கேட்டாள். ஒன்றே ஒன்று இருந்தது. வாங்கி மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு, வெயில் ஏறுவதற்குள் வீட்டுக்கு நடந்தாள்.